பழகிய கல், பசித்த மாவு

சித்தூர்ப் பக்கம் பல வீடுகளில் பழகிய தோசைக்கல் ஒன்று இருக்கும். வருடக்கணக்காக எண்ணெய் ஊறிக் கருத்து மினுங்கும். அவசரத்தில் யாராவது அதைக் கம்பி நார் போட்டுத் தேய்த்துவிட்டால் அன்றைக்குத் தோசை எல்லாம் பிய்ந்துதான் வரும்.

பெருங்குடலின் உட்சுவரும் பழகிய கல்தான். எண்ணெய்க்குப் பதில் அங்கே கோழைப் படலம். அதன்மேல் புளித்த மாவாகக் கிடக்கிறது பாக்டீரியாக் கூட்டம். உடம்பில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி என்று கணக்கு, பெரும்பங்கு இங்கேதான்.

இந்த மாவுக்குத் தீனி, நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து. காலையில் தின்ற ராகிக் களியும் (தெலுங்கில் சங்கட்டி) கீரைக் கடைசலும் விட்டுச்செல்லும் நார் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அப்படிப் புளித்து வருவனவற்றில் ஒன்று ப்யூட்டிரேட். குடல்சுவர்ச் செல்களின் அடுப்புக்கு அதுதான் முக்கிய விறகு. தீட்டிய அரிசியும் மைதா பரோட்டாவுமாகவே நாள் போனால்? பசித்த பாக்டீரியா கோழைப் படலத்தையே தின்னத் தொடங்கும். எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் போன கல்லில் எதுவும் ஒட்டும்.

இனி வம்புக்காரர்கள். ஈ.கோலை என்றதும் பயப்பட வேண்டாம், அது எல்லார் குடலிலும் உண்டு. அதில் சில வகைகள் மட்டும் கொலிபாக்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. 2006-இல் பிரான்ஸ், ஜெர்மனி ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். பாட்டியின் சமையல் நோட்டில் வெல்லப்பாகு சிந்தி எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டதாக நினையுங்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் கொலிபாக்டின் அப்படித்தான் ஒட்டுகிறது. பிரிக்கும்போது சில எழுத்து கிழியும். அதைப் பார்த்து எழுதும் அடுத்த நோட்டிலும் அந்தத் தப்பு இருக்கும். கிழிந்தது ‘அடுப்பை அணை’ என்ற வரியாக இருந்துவிட்டால் செல் பெருகிக்கொண்டே போகும்.

இந்தக் கறை எழுத்துகளிலேயே பதிந்து நிற்பதுதான் விசேஷம். 2025-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் பெருங்குடல் புற்றுக் கட்டிகளைப் படித்தபோது, 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் அது 70 தாண்டியவர்களைவிட 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. சிந்தியது சிறு வயதிலேயே இருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு.

இன்னொருவர் ஃபியூசோபாக்டீரியம். வாயில், பல் ஈறில் குடியிருப்பவர். திண்ணையோடு நிற்க வேண்டிய இவரைக் கட்டிக்குள்ளேயே பிடித்தது 2012-இல். தீ வைத்தது இவரா, எரிகிற வீட்டில் புகுந்தவரா என்ற வழக்கு முடியவில்லை. கட்டியை நம் நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுவார் என்பதற்கு மட்டும் சான்று இருக்கிறது.

இதற்காக ஆன்டிபயாடிக் வாங்கி மொத்த மாவையும் கொட்டினால் நல்லதும் சேர்ந்து போகும். வயது, பரம்பரை, மது, புகை எல்லாம் சேர்ந்த சமையல் இந்தப் புற்று. குடலில் சிறு மொட்டாகத் தொடங்குவது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். எங்கள் பக்கம் மலத்தில் ரத்தம் கண்டால் ‘சூடு, மூலம்’ என்று மோரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வைத்தியத்துக்கு வேலூருக்குப் பஸ் ஏறுவது சித்தூர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். திருப்பதி அலிபிரியிலும் 2022 மே மாதம் டாட்டா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை திறந்தாயிற்று. கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். மொட்டு தென்பட்டால் அதன் காம்பில் கம்பிச் சுருக்கை மாட்டி, கத்தரிக்காயைக் கொய்வதுபோல, பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.