127.0.0.1: கணினி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கடிதம்

பிரவுசரின் முகவரிப் பட்டையில் 127.0.0.1 என்று தட்டினால், அந்தக் கோரிக்கை கணினியை விட்டு வெளியே போவதில்லை. நெட்வொர்க் கார்டைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே திரும்பி, அதே கணினியில் காத்திருக்கும் இன்னொரு நிரலிடம் போய்ச் சேர்கிறது. வைஃபையை அணைத்துவிட்டாலும் வேலை நடக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்பது இதன் செல்லப்பெயர். 127 என்று தொடங்கும் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இந்த ஒரு வேலைக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பழைய ஐபி முகவரிகள் தீர்ந்துபோய் உலகம் திண்டாடும் காலத்தில் இதை ஊதாரித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த ஐபிவி6, ஒரே ஒரு முகவரியோடு நிறுத்திக்கொண்டது.

இணையதளம் உருவாக்குபவர்கள் தங்கள் மடிக்கணினியில் ஓட்டும் சர்வர் குடியிருப்பது இங்கேதான். ஒரே முகவரியில் பல சர்வர்கள் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண், அதாவது கதவிலக்கம், உண்டு. இணையதளம் கட்ட உதவும் கருவிகளில் ஜாங்கோ 8000-இல் நிற்கும், ஃபிளாஸ்க் 5000-இல், வீட் 5173-இல். 5173 மட்டும் ஏன் இப்படி? முதல் இலக்கத்தை ரோமன் எண்ணாகவும் மற்ற மூன்றையும் அவற்றின் உருவத்தை வைத்தும் ஆங்கில எழுத்துகளாகப் படித்தால் ‘வீட்’ என்ற பெயரே வந்துவிடும். சர்வரும் பிரவுசரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது புதுமையும் இல்லை. 1990-இன் இறுதியில் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலைத்தளத்தை ஓட்டியபோது, இரண்டும் அவருடைய நெக்ஸ்ட் கணினி ஒன்றிலேயே இருந்தன.

லட்சம் பேருக்குப் பதில் சொல்லும் சர்வரும் இந்த வீட்டு சர்வரும் வளர்ந்த விதம் வேறு. வெளியே இருப்பது வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் கட்டப்பட்டது. எது நடந்தாலும் வாயைத் திறக்காது. வீட்டில் இருப்பது ஓட்டைவாய். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் வெளியான ஜாங்கோவை எடுத்துக்கொள்ளலாம். அதன் ரன்சர்வர் கட்டளை, நிரல் கோப்பில் ஓர் எழுத்து மாறிச் சேமிக்கப்பட்டாலும் உடனே தன்னை மறுபடி தொடங்கிக்கொள்கிறது. நிரல் முறிந்தால், எந்தக் கோப்பில், எந்த வரியில், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்து சேர்ந்தது, அந்த நேரத்தில் ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருந்தது என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் கொட்டிவிடுகிறது. இதை நிஜத் தளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஜாங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது.

முறிந்து நிற்கும் பிழைகள் எளியவை. தொல்லை தருவது, முறியாமல் தப்பான விடை தரும் பிழை. ஒரு கடைத் தளத்தில் 450 ரூபாய்ப் பொருளை இரண்டு வாங்கினால் மொத்தம் 4,50,450 ரூபாய் என்று வருகிறது. கணக்கிடும் வரிக்கு முன்னால் பிரேக்பாயின்ட் ஒன்றை வைத்தால் போதும், பைத்தானில் 3.7 பதிப்பிலிருந்து அதற்கு ஒற்றைச் சொல்லே இருக்கிறது. பக்கத்தைத் திறந்தால் பிரவுசரில் சுற்றும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டெர்மினலில் நிரல் அந்த வரியில் உறைந்து நிற்கும். விலை என்ன என்று கேட்டால் '450' என்று மேற்கோள் குறிகளோடு பதில் வருகிறது. பிழை அந்தக் குறிகளில் இருக்கிறது. விலைப்பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து வாசிக்கப்பட்டது. அப்படி வாசிக்கும்போது எண்ணும் எழுத்துச் சரமாகவே வந்து சேரும். சரத்தை இரண்டால் பெருக்கினால் பைத்தான் அதை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதிவிடும்: 450450. பிரின்ட் கட்டளையைத் தூவிப் பார்ப்பவர்களுக்கு அந்தக் குறிகள் தெரிவதில்லை, வெறும் 450 என்றே தெரியும். அதனால்தான் சிலருக்கு இது அரை நாள் வேலையாகிவிடுகிறது. நிஜ சர்வரில் இப்படி நிரலை உறைய வைத்தால் வாடிக்கையாளர்களும் சேர்ந்து உறைவார்கள். லோக்கல்ஹோஸ்டில் நேரத்தை நிறுத்தி வைப்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்தது வேகம். பக்கம் மந்தமாக இருக்கிறது என்றால் எங்கே மந்தம் என்பதை ஊகிக்கக் கூடாது. அனுபவசாலிகளின் ஊகமும் இங்கே அடிக்கடி தவறும். டொனால்ட் கனூத் 1971-இல் ஃபோர்ட்ரான் நிரல்களை அளந்து பார்த்தபோது, நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் தின்பதைக் கண்டார். அந்தப் பகுதியைக் காட்டிக்கொடுக்கும் கருவிதான் ப்ரொஃபைலர். இதில் இரண்டு சாதி. ஒன்று, ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போதும் முடியும்போதும் குறித்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் சிப்ரொஃபைல் இந்த வகை. எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் குறிப்பதற்கே நேரம் பிடிப்பதால், பல்லாயிரம் முறை கூப்பிடப்படும் சின்ன ஃபங்ஷன்கள் உண்மையைவிடப் பருத்துத் தெரியும். மற்றது, நொடிக்கு 100 முறை என்பதுபோல எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எது ஓடுகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளும். ஓடும் நிரலை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

இப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குறிப்புகளை ஒரே படமாக்க 2011-இல் பிரெண்டன் கிரெக் கண்டுபிடித்ததுதான் ஃப்ளேம் கிராஃப். அடுக்கடுக்கான பட்டைகள் தீக்கொழுந்துபோல எழுந்து நிற்கும். அகலமான பட்டை அதிக நேரம் தின்றது. இடமிருந்து வலமாக நேரம் ஓடுவதாகப் பலர் படித்துவிடுகிறார்கள். கிரெக்கின் படத்தில் பட்டைகள் அகரவரிசையில் நிற்கின்றன. குரோம் பிரவுசர் காட்டும் ஒத்த படத்தில் மட்டும் நேரம் உண்மையிலேயே இடமிருந்து வலமாக ஓடுகிறது. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. லோக்கல்ஹோஸ்டில் எண்ணிக்கையை நம்பலாம்; கடிகாரத்தை நம்பக் கூடாது. 50 நூல்களின் பட்டியலை, ஆசிரியர் பெயரோடு காட்டும் பக்கம் ஒன்றைப் பார்க்கலாம். நூல்களை எடுக்க டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி, அதாவது கேள்வி, போகிறது. பிறகு ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு தனித்தனியாக 50 குவெரிகள். ஜாங்கோ டீபக் டூல்பார் பக்கத்தின் ஓரத்தில் 51 என்று காட்டும். டேட்டாபேஸும் அதே மடிக்கணினியில் இருப்பதால் ஒவ்வொன்றும் 0.2 மில்லி செகண்டில் முடிந்து, மொத்தம் 10 மில்லி செகண்ட்தான் ஆகிறது, கண்ணுக்கே தெரியாது. டேட்டாபேஸ் வேறு கணினிக்குப் போய், குவெரிக்கு 2 மில்லி செகண்ட் கூடினால் 100-ஐத் தாண்டும். பட்டியல் 500 நூலானால் ஒரு நொடிக்கு மேல். கடிகாரம் நல்லபடியாகச் சொன்ன பக்கத்தை 51 என்ற எண் முன்பே காட்டிக்கொடுத்துவிட்டது. நூலோடு ஆசிரியரையும் சேர்த்தே கேட்டால் ஒரு குவெரி போதும்; ஜாங்கோவில் அது ஒரு சொல் திருத்தம்.

லோக்கல்ஹோஸ்ட் மறைக்கும் பெரிய விஷயம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப மட்டுமே 29 மில்லி செகண்ட் வேண்டும், எவ்வளவு காசு கொட்டினாலும் குறையாது. குரோமின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க்கைச் செயற்கையாக மந்தமாக்கும் வசதியும், பிராசஸரை 4 மடங்கோ 6 மடங்கோ சோம்பலாக்கும் வசதியும் இருப்பது இதற்காகத்தான். மலிவான போனில் பக்கம் எப்படித் திணறும் என்பதை விலையுயர்ந்த மடிக்கணினியிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

தரவின் அளவும் ஏமாற்றும். 20 வரிசை உள்ள டேபிளில், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் இல்லாத குறை வெளியே தெரியாது. 20 லட்சம் வரிசையில் தெரியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கடைசி டிக்கெட்டை வாங்கும்போது வரும் பிழை, ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதிக்கும் இடத்தில் எட்டிப் பார்ப்பதே அரிது. உருவாக்கப் பயன்முறையே வேலையைக் கூட்டுவதும் உண்டு. பக்கத்தின் முகப்பைக் கட்ட உதவும் ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோடு, பிழையைப் பிடிப்பதற்காகக் கூறுகளை வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டும். எனவே வேகத்தை அளப்பவர்கள் வெளியீட்டுக்கான பில்டை எடுத்து, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, பல முறை ஓட்டி நடு மதிப்பைப் பார்ப்பார்கள்.

ஓட்டைவாய் சர்வர் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆவணமான சம்பவம் உண்டு. 127.0.0.1-க்குப் பதிலாக 0.0.0.0 என்று கொடுத்தால், சர்வர் அந்தக் கணினியின் எல்லா வழிகளிலும் காது கொடுக்கும். பக்கத்தில் இருக்கும் போனில் தளத்தைத் திறந்து பார்க்க இது கைகொடுக்கும்; பொது இணையத்தில் இருக்கும் கணினியில் இதுவே வாசலைத் திறந்து வைப்பதாகிவிடும். 2015 செப்டம்பரில், கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் அனுப்பும் பேட்ரியான் தளத்தின் டீபக் பதிப்பு ஒன்று பொதுவெளியில் தெரியும்படி கிடந்தது. ஊடுருவியவர்கள் அதன் வழியேதான் வந்தார்கள் என்று நிறுவனமே அறிவித்தது. அங்கே ஓடியது பைத்தானின் வெர்க்சாய்க் டீபக்கர் என்று டிடெக்டிஃபை என்ற பாதுகாப்பு நிறுவனம் எழுதியது. அந்தக் கருவியின் பிழைப் பக்கத்தில் ஒரு கன்சோல் உண்டு. அதில் தட்டும் எந்தப் பைத்தான் வரியும் சர்வரில் ஓடும். வீட்டில் அது வரம். அதே ஆண்டின் இறுதியில் வந்த வெர்க்சாய்க் 0.11 பதிப்பு, கன்சோலைத் திறக்கும் முன் ஒரு பின் நம்பர் கேட்கத் தொடங்கியது. அந்த நம்பர் பிரவுசரில் எங்கும் வருவதில்லை. சர்வர் ஓடும் கணினியின் டெர்மினலில் மட்டும் அச்சாகிறது.