புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தலித் மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தமிழகமே பதறியது. ஆனால் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியது அதற்கு முன் நடந்ததை. சாதிச் சீண்டல் தாங்காமல் அவன் சில நாட்களாகப் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது உண்மையைச் சொன்னான்; எழுதியும் கொடுத்தான். அரிவாள் வந்தது அதற்குப் பிறகுதான். பள்ளி வன்முறையைக் குறைக்க வேண்டுமானால், புகாருக்கும் அரிவாளுக்கும் இடையிலுள்ள அந்தச் சில மணி நேரத்தில்தான் முதலில் கைவைக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நாம் கேட்பது பை சோதனையும் கேமராவும்தான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் பையில் அரிவாளோடு வகுப்புக்கே வந்து சக மாணவனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். அங்கே சோதனை உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் போன பதினோராம் வகுப்பு மாணவனைப் பேருந்திலிருந்து இறக்கி வெட்டினார்களே, அவனை எந்த வாசல் சோதனை காப்பாற்றியிருக்கும்? கடும் தண்டனை என்றால் பயம் வரும் என்பவர்களும் உண்டு. கொடுங்குற்றம் செய்த 16 வயதைத் தாண்டிய சிறுவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்க 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே வழிவிடுகிறது. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் நாங்குநேரி நடந்தது.

சாதி ஊரிலிருந்து வருகிறது, பள்ளி என்ன செய்யும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்புக்குள் அதற்கு அணி திரட்டிக் கொடுப்பது சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மணிக்கட்டில் ஏறும் கயிறு. இடைவேளையில் யார் யார் பக்கம் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், தனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள் என்றார் அன்றைய அமைச்சர். அதோடு அது முடிந்தது. கோயில் கயிற்றையுமா அவிழ்க்கச் சொல்வது என்ற மனக்குறையை மதிக்கிறேன். பக்தியை வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஒரு பையனை மிரட்டும் அடையாளமாகிவிட்ட பொருளுக்குப் பள்ளி வளாகத்தில் இடமில்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கயிற்றைத் தடுக்கச் சொன்னது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரை. புகார் கொடுத்தவன் அன்று மாலை யாரோடு வீட்டுக்குப் போவான், யார்மீது கொடுத்தானோ அவர்கள் காதுக்கு அது எப்போது எட்டும், இரு வீட்டாரையும் அழைத்துப் பேசுவது யார், போலீசுக்கு எப்போது சொல்வது என்பதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பாடமும் தேர்வும் போக ஆசிரியருக்கு அதற்கு நேரமில்லை. அதே ஊர்க்காரராக இருந்தால் தயக்கமும் சேர்ந்துகொள்ளும். செலவாகும்தான். ஆனாலும் 500 என்ற வரம்பைக்கூடத் தளர்த்தி, சிறிய கிராமப் பள்ளிகளுக்கு மூன்று நான்கு பள்ளிக்கு ஒருவராவது போட வேண்டும்.