கம்பியில்லா ஆணித் துப்பாக்கி: வாங்கு முன் அறிய வேண்டியவை

கொடைக்கானல் வட்டாரத்தைச் சேர்ந்த அடுக்கம் பஞ்சாயத்தில் தச்சு வேலை செய்யும் நண்பர்கள் சிலர் எம்மைச் சந்தித்து ஒரு யோசனை கேட்டனர். பாட்டரியால் இயங்கும் ஆணித் துப்பாக்கியைக் கடன் பெற்று வாங்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. இதே கேள்வி பிற மலைக் கிராமங்களிலும் எழுந்து வருவதால் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அப்பெயர் முற்றிலும் பொருந்தாததும் அன்று. சுத்தியல் பல அடிகளில் செய்வதை இக்கருவி ஒரே உதையில் செய்து முடிக்கிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் ஆணித் துப்பாக்கி 1950-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நம் நகரங்களில் ஒட்டுப்பலகை வேலை செய்யுமிடங்களில் இன்று ‘டப், டப்’ என்று ஒலிப்பது பெரும்பாலும் இவ்வகையே. இதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் ரப்பர்க் குழாயும் வேண்டும். எரிவாயுக் குப்பியால் இயங்குவது மற்றொரு வகை. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் அதன் எரிதல் சீர்கெடக்கூடும். குப்பியும் வெளியூரிலிருந்தே வரவேண்டும். ஆகவே மலைக்கு அதனை நாம் சிபாரிசு செய்யவில்லை. மூன்றாவது வகைக்குக் குழாயும் இல்லை, குப்பியும் இல்லை. பாட்டரி ஒன்றே போதும்.

மலையில் இதன் அனுகூலம் வெளிப்படை. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக அடுக்கத்துக்கு ஏறும் சாலை, பெருமழைக் காலங்களில் மண்சரிவால் அடைபடுவதுண்டு. சாலையை விட்டு இறங்கினால் தோட்டங்களுக்கு ஒற்றையடிப் பாதையே வழி. அருகிலுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் சுமைகள் குதிரை முதுகிலேயே சென்றன. இத்தகைய இடத்துக்குக் கம்ப்ரஸரை யார் சுமப்பது? சுமந்தாலும், 2 குதிரைத் திறன் கொண்ட யந்திரத்துக்கு ஏறக்குறைய 1,500 வாட் மின்சாரம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மலையெங்கும் மரங்கள் சாய்ந்து, மின்சாரமின்றி மக்கள் பட்ட பாட்டைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 90 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக்கொண்டு சிறு ஆணிகள் பல நூறு அடிக்கலாம். ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் பலகையைத் தாங்கி, மறு கையால் ஆணி அடிக்கும் வசதியும் சுத்தியலில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நாம் கண்ட ஒரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய வேறோர் இடத்தில் மூன்று தச்சர்கள் கூட்டாகப் பணம் போட்டு ஒரு துப்பாக்கியை வெளியூரிலிருந்து வரவழைத்தனர். விலை சகாயமாக இருந்தது. அது சாய்வான ஆணிக் கட்டுகளை ஏற்கும் கருவி என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. பெட்டியோடு வந்த ஆணிகள் தீர்ந்தன. சுற்றுப்புறக் கடைகளில் கிடைத்ததோ நேரான ஆணிக் கட்டு. தபாலில் வரவழைத்த கட்டுக்கு விலையும் அதிகம், தாமதமும் அதிகம். ஒப்புக்கொண்ட வேலையை அவர்கள் சுத்தியலால் முடித்தனர். துப்பாக்கி சாக்கில் கட்டப்பட்டு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கழித்தது. அவிழ்த்தபோது முனையில் துரு ஏறியிருந்தது. தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அம்மூவரில் ஒருவர் எம்மிடம் கூறியது நினைவிருக்கிறது: “ஐயா, நாங்க துப்பாக்கியப் பாத்தோம், ஆணியப் பாக்கல.”

எனவே முதலில் ஆணியைத் தேர்ந்தெடுங்கள். பெரியகுளத்திலோ வத்தலக்குண்டிலோ நீங்கள் வழக்கமாகச் செல்லும் கடையில் எந்த ஆணி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அதனை ஏற்கும் கருவியையே வாங்குங்கள். தச்சர்கள் ‘எஃப் 30’ என்று கேட்டு வாங்கும் பின், 18 கேஜ் கனமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. கேஜ் எண் கூடக்கூட ஆணி மெலியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 18 கேஜ் பின் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனமே உடையது. ஒட்டுப்பலகை, பீடிங், சுவர்ப் பலகை ஆகியவற்றுக்கு அது மிக நன்று. வைரம் பாய்ந்த பலாவிலும் தேக்கிலும் அது வளைந்துவிடக்கூடும்.

இவ்விடத்தில் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பரண்மேல் ஆடு வளர்ப்போர், தரைச் சட்டங்களை இப்பின்களால் அடித்து வேலையை விரைவில் முடிக்கச் சொல்கின்றனர். அது கூடாது. தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக்கையும் தைல மரத்தையும் ஈரம் உலருமுன்பே அறுத்துப் பயன்படுத்துவது நம்மிடையே வழக்கம். பச்சை மரத்தில் இறங்கிய ஆணி, மரம் சுருங்கும்போது பிடி தளர்கிறது. மெல்லிய பின்னானால் சொல்ல வேண்டியதே இல்லை. சட்டம் விலகினால் அந்த இடுக்கில் ஆட்டின் கால் சிக்கி ஒடியும். பாரம் தாங்கும் இடங்களில் திருகாணியோ போல்ட்டோதான் தகும். மழையில் நனையும் இடமானால் அவையும் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும். பழப்பெட்டி செய்யும் பட்டறை போல, ஒரே இடத்தில் மின்சார வசதியுடன் நடக்கும் வேலைக்குப் பழைய கம்ப்ரஸர் வகையே சிக்கனமானது. நிலையும் கதவும் மட்டும் செய்யும் ஆசாரிக்கு இக்கருவி எதுவுமே அவசியமில்லை என்பது எமது அபிப்பிராயம்.

விலை கேட்கும்போது பாட்டரியும் சார்ஜரும் சேர்ந்த விலையா என்று கேளுங்கள். வெறும் கருவியின் விலையை மட்டும் காட்டி விற்பது இத்தொழிலில் சாதாரணம். கருவி, இரண்டு பாட்டரி, சார்ஜர், ஓராண்டுக்கு வேண்டிய ஆணி ஆகிய நான்கையும் கூட்டி வருவதே உண்மையான விலை. உங்களிடம் பாட்டரித் துரப்பணம் ஏற்கெனவே இருந்தால், அதே பாட்டரி பொருந்தும் கம்பெனிச் சரக்கை வாங்குவது செலவைக் குறைக்கும். பழுது பார்க்குமிடம் எந்த ஊரில் உள்ளது என்பதையும் கேட்டறிந்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கடன் விஷயத்தில், தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தச்சுத் தொழிலும் சேர்க்கப்பட்டது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் என அப்போது அறிவிக்கப்பட்டது. நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நலம்.

பஞ்சாயத்தே ஒரு கருவி வாங்கி வாடகைக்கு விடலாமே என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கின்றனர். எமக்கு இதில் உடன்பாடு குறைவு. எல்லோருக்கும் பொதுவான கருவியைத் துடைத்து வைப்பவர் எவருமிலர். மூன்று அல்லது நான்கு தச்சர்கள் சேர்ந்து வாங்கி, அவர்களில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, யார் எந்நாளில் எடுத்தார், எத்தனை கட்டு ஆணி செலவாயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வருவது நடைமுறைக்கு ஏற்றது.

பராமரிப்பு கடினமன்று. மாலையில் முதலில் பாட்டரியைக் கழற்றி, பின் ஆணிகளை எடுத்துவிட்டு, முனையில் படிந்த தூளையும் பசையையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டுப் பழகியவர்கள் இதற்கும் விடுகின்றனர். கையேட்டில் சொல்லியிருந்தாலன்றி விடலாகாது. ஆணி சிக்கிக்கொண்டாலும் பாட்டரியைக் கழற்றிய பின்பே கை வைக்கவேண்டும். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலின் மேற்பகுதிகளில் உறைபனி விழும். அக்குளிரில் கிடந்த பாட்டரியை எடுத்தவுடன் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குன்றும்; வீட்டினுள் சிறிது நேரம் வைத்து, குளிர் நீங்கிய பிறகு செய்யலாம். அடுப்பருகே வைத்துச் சூடேற்றுவது அபாயம். வேலையில்லாத மாதங்களில் பாதியளவு சார்ஜுடன் ஈரமற்ற இடத்தில் வைக்கவேண்டும். ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையிலோ ஓடையிலோ எறியாமல் விற்பனையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள், அதனை வீட்டுக் குப்பையுடன் கலக்கலாகாது என்கின்றன.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் ஆணித் துப்பாக்கியால் காயமுற்று அவசர சிகிச்சைக்குச் சென்றதாக அந்நாட்டு அரசு 2011-இல் வெளியிட்ட கையேடு கூறியது. விசையை இழுத்துப் பிடித்தபடியே முனை பட்ட இடமெல்லாம் ஆணி பாயும் முறை வேகமானது. அபாயமும் அதிலேதான் மிகுதி. முனையை மரத்தில் அழுத்திய பிறகு விசையை இழுத்தால் மட்டுமே, அதுவும் இழுப்புக்கு ஓர் ஆணியாக, பாயும் முறையை அக்கையேடு வற்புறுத்துகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கணுவில் பட்ட ஆணி திசை மாறிப் பலகையின் பக்கவாட்டில் வெளிவரும். ஆகையால் பலகையைப் பிடிக்கும் கை ஓர் அடியாவது தள்ளியே இருக்கட்டும். கண்ணாடி அணியாமல் வேலை செய்யவேண்டாம்.

அடுக்கத்து நண்பர்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை. சென்ற வாரம் பெரியகுளம் சென்று, மூன்று கடைகளில் என்னென்ன ஆணிகள் இருப்பில் உள்ளன என்று எழுதிக்கொண்டு வந்திருக்கின்றனர்.