சரக்கு புறப்படும் ஊர் எது?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நெருங்கி நிற்கின்றன. இங்கே உற்பத்தியாகும் மோட்டார் வண்டிகள் கப்பலேறித் தூர தேசங்களுக்குப் போகின்றன. ஆனால், அவற்றைச் செய்யும் தொழிலாளி ஒருவர் தம் அறைக்கு ஒரு மின்விசிறி வேண்டி ஆன்லைன் சந்தையில் பணம் கட்டினால், அது எந்த ஊரிலிருந்து புறப்படுகிறதென்று அறிய மார்க்கமில்லை. விற்பவர் விலாசம் சென்னை என்றிருக்கும். இரண்டொரு நாளில் வருமென்று நம்பிக் காத்திருப்பார். சரக்கோ வடக்கே ஏதோ ஒரு கிடங்கிலிருந்து புறப்பட்டு, இரண்டு வாரம் கழித்து வந்து சேரும்.

இது எப்படி நேருகிறது? வியாபாரி வரிக்காகப் பதிவு செய்த விலாசம் ஓரிடம். சரக்கு இருக்குமிடம் வேறு. சிலரிடம் சரக்கே கிடையாது. ஆர்டர் வந்த பிறகுதான் மற்றொருவரிடம் வாங்கி அனுப்புகிறார்கள். இதை அற்ப விஷயமென்று தள்ளலாகாது. கூலி வாங்குபவரின் பணம் அத்தனை நாளும் முடங்கிக் கிடக்கிறது. உண்மையாகவே சென்னையில் சரக்கு வைத்து நேர்மையாக விற்பவரும் இந்தப் பொய் விலாசத்துடன் போட்டியிட்டு நஷ்டமடைகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் மத்திய சர்க்கார் பிறப்பித்த மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரையும் விலாசத்தையும் சந்தைக் கம்பெனி காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தவணைக்குப் பிந்தி வந்த சரக்கைத் திரும்ப ஏற்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. தம் சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதித்திருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

எனினும் இவ்விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விற்பவரின் விலாசத்தைக் கேட்கும் விதிகள், சரக்கு புறப்படும் ஊரைக் காட்டும்படி வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. பொருள் உற்பத்தியான தேசத்தைக் காட்ட வேண்டுமென்ற சட்டத்தைக்கூடப் பெரிய கம்பெனிகள் எளிதில் மதித்துவிடவில்லை. 2020 அக்டோபரில் அமேஸானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் சர்க்கார் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. ஆகவே, சரக்கு புறப்படும் ஊரையும் வந்து சேரும் தேதியையும் பணம் கட்டுமுன் காட்டியே தீர வேண்டுமென்று விதியைத் திருத்துக என்று வற்புறுத்துகிறோம். அந்த ஊர் கம்பெனியின் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்குபவருக்கு மறைப்பதற்கு நியாயம் ஏது?

சர்க்கார் விழிக்கும்வரை பொது ஜனங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1986-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், எதிர்வாதி இருக்குமிடத்திலோ, வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் தாவா போடலாம். 2019-ம் வருஷத்துச் சட்டமோ, வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாமென்று மாற்றிவிட்டது. விற்பவர் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும், ஒரகடத்துத் தொழிலாளி தம் மாவட்டத்திலேயே வழக்காடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமுமில்லை. வக்கீல் வேண்டுமென்ற கட்டாயமுமில்லை.

வாங்கும்போதே விலாசத்தையும் தேதியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவணை தவறினால் கம்பெனிக்கு எழுதுங்கள். பயனில்லையேல் 1915 என்ற எண்ணில் முறையிடுங்கள். அதற்கும் மேல் கமிஷன் இருக்கிறது. தொழிற்சங்கத்தார் தங்கள் காரியாலயத்தில் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கி, எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பார்களாக. ஒருவர் முறையிட்டால் பணம் மட்டும் திரும்பும். ஊரே முறையிட்டால் விதி திருந்தும்.