மழைமானியைப் பழுதின்றிப் பாதுகாத்தல்

மழையை அளப்பது நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்று நிலத்தின் ஈரங்கண்டு சொல்லும் வழக்கம் நெடுநாளையது. எனினும், விதைப்பும் பாசனமும் தீர்மானிப்பதற்கும், வறட்சி அல்லது வெள்ள நிவாரணத்திற்கு எழுதுவதற்கும் எண்ணால் குறித்த அளவே ஆதாரமாகும். மழைமானியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. பேணாத கருவி பொய்க் கணக்கே காட்டும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் வருஷத்திலேயே வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருக்க, வீட்டில் வேறொரு கருவி எதற்கு எனச் சிலர் வினவலாம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. அன்று மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ பெய்தது எவ்வளவு என்பதை இவ்விரு எண்களும் சொல்லமாட்டா. கிராமங்களுக்கும் இது பொருந்தும்.

இடம்: மரமும் சுவரும் எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரம் விலகிக் கருவி இருத்தல் வேண்டும். 15 மீட்டர் உயரமுள்ள தென்னைக்கு 30 மீட்டர் விலகல் தேவை. மாடியில் காற்று துளிகளை அடித்துச் செல்வதால் அளவு குறையும். வேறு இடமில்லாத நகரவாசிகள் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டு நடு மாடியில் வைத்து, அதனைப் பதிவேட்டிலும் குறித்திடுக.

சுத்தம்: வாரம் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கட்டாயமாகவும் புனலைக் கழற்றி, சருகு, எறும்புப் புற்று, சிலந்திக் கூடு இவற்றை நீக்குக. விளிம்பு நசுங்கி வட்டம் கோணினால் நிமிர்த்துக. நீர்மட்டக் கருவி வைத்துச் சாய்வு பார்க்க. கலத்தில் ஜலம் நிரப்பி ஓரிரவு வைத்தால் கசிவு தெரியும். கடற்காற்று வீசும் இடங்களில் தகரப் புனல் விரைவில் துருவேறும். ஓட்டை கண்டவுடன் ஈயம் பற்றவைக்க வேண்டும்.

அளவுக் குவளை: உடைந்த குவளைக்குப் பதிலாகக் கிடைத்ததை உபயோகித்தல் பெருந்தவறு. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள புனலில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 20 மில்லிலிட்டர் ஜலம். 100 சதுர சென்டிமீட்டர் புனலுக்குரிய குவளையால் அதை அளந்தால் மழை இரட்டிப்பாகத் தோன்றும். உரிய குவளை வரும்வரை மில்லிலிட்டரில் அளந்து 20ஆல் வகுத்துக் கொள்ளலாம். மேற்படி புனலின்கீழ் வைத்த 4 லிட்டர் கலம் 20 சென்டிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும். ஆகையால் பெருமழை நாட்களில் இடையிடையே அளந்து கொட்டி, முடிவில் கூட்டி எழுத வேண்டும்.

தானியங்கிக் கருவி: இதனுள் இரட்டைக் கிண்ணம் ஏற்றப்பலகை போல் மாறி மாறிச் சாய்ந்து எண்ணிக்கை காட்டும். தூசி படிந்தால் அது தடைப்படும்; மென்மையான தூரிகையால் துடைக்க, எண்ணெய் இடலாகாது. ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் காட்டும் 200 சதுர சென்டிமீட்டர் கருவியில் 400 மில்லிலிட்டர் ஜலத்தை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் 20 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். பெரிதும் வேறுபட்டால் கிண்ணத்தின் திருகாணியைச் சரிசெய்க. இச்சோதனையை வருஷத்திற்கு ஒருமுறையேனும் செய்க. அந்த எண்ணிக்கையை மழைக் கணக்கில் சேர்க்கலாகாது.

பதிவேடு: நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து அன்றைய தேதியிலேயே எழுதுக. மழையில்லாத நாளுக்குப் பூஜ்யம் இடுக. அளக்கத் தவறிய நாளுக்கோ, கருவி பழுதான நாளுக்கோ பூஜ்யம் இடாமல் கோடிட்டுக் காரணம் எழுதுக. பெய்த மழையைப் பெய்யாததாக எழுதிய கணக்கு, கணக்கே இல்லாமையினும் தீது. அதை நம்பி விதைப்பவரும் உண்டு. நிவாரணம் இழப்பவரும் உண்டு. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் ஐப்பசி மழைக்கு முன்னரே தத்தம் கருவிகளைச் சோதித்துச் செப்பனிட்டுக் கொள்வார்களாக.