மின்கிற்றாருக்கு மாற்றுப் பிக்கப் தெரிதல்

வீணையின் நாதத்தை அதன் குடம் பெருக்கித் தருகின்றது. மின்கிற்றாரிலோ அப்பணி ஒலிபெருக்கியைச் சார்ந்தது. தந்தியின் அதிர்வை மின்னாக்கி அதற்கு ஈவது பிக்கப் என்னும் சிறு உறுப்பேயாம். அது பழுதுறின் மாற்று ஒன்றைத் தெரியுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1831ஆம் ஆண்டில் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலை நம் மாணவர் நன்கறிவர். காந்தத்தைச் சூழ, மயிரினும் மெல்லியதாய்த் தோன்றும் செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றப்பட்டுள்ளது. உருக்குத் தந்தி அதன்மேல் அதிருங்கால் காந்தப் பாயம் மாறுபட, சுருளில் மின் பிறக்கின்றது. இத்தத்துவத்தைக் கிற்றாருக்கு ஏற்ற பிக்கப்பை 1931இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பார் அமைத்தார். நைலோன் தந்திக்கும் பித்தளைத் தந்திக்கும் இது பயன்படாது.

களப்பும் உப்பளங்களும் அடுத்துள்ள புத்தளம், தில்லையடிப் பகுதிகளில் உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் ஒருங்கே அரிக்கும். ஆதலின், ஓசை குன்றியவுடன் புதியது வாங்க விரைதல் தகாது. முதலில் தந்திகளை மாற்றுக. வடம் செருகும் துளையைத் துடைக்க. ஈயப் பற்றுக்களை நோக்குக. பின்னர் மல்ரிமீற்றரால் சுருளின் தடையை அளக்க. அளவு யாதும் காட்டாதாயின் கம்பி அறுந்தது எனத் துணியலாம்.

பிக்கப்புக்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒற்றைச் சுருள் தெளிந்த, கூரிய ஓசை தரும். எனினும் நம் நாட்டின் 50 சுழற்சி மின்னோட்டத்தால் எழும் இரைச்சலையும் பற்றிக்கொள்ளும். இரட்டைச் சுருள், 1955இல் சேத் லவர் என்பார் வகுத்தது. அதில் காந்தமுனையும் சுற்றும் ஒன்றற்கொன்று எதிராக அமைதலின் இரைச்சல் தன்னுள் அழிய, தந்தியின் ஒலி மட்டும் நிலைக்கும். அதன் ஓசை தடித்தது.

இனி, எதனைக் கொள்வது? பைலாவின் விரைந்த தாளத்துக்குத் தந்திகள் தனித்தனியே துலங்கல் வேண்டும். அதற்கு ஒற்றைச் சுருளே உகந்தது. ஆயின் மணப்பந்தல்களில் குழல்விளக்குக்களின் அருகே வாசிப்போர்க்கு இரைச்சல் பெருந்தொல்லை. அன்னார், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்கள் அமைந்த இரைச்சலற்ற வகையை நாடுதல் நன்று.

விற்போர் தடையின் அளவையே பெரிதாகக் காட்டுவர். மரபான ஒற்றைச் சுருளுக்கு 5 முதல் 7 கிலோ ஓமும், இரட்டைக்கு 7 முதல் 9 கிலோ ஓமும் பொதுவான அளவுகள். அளவு மிகுந்தால் ஓசை சிறக்கும் என்பது பிழை. சுற்றுக்கள் பெருகப் பெருக வலிமை கூடும், உச்ச ஒலியின் தெளிவு குறையும்.

வாங்குமுன் அளத்தற்குரியன சில உள. பிக்கப் இருக்கும் குழியின் அளவை நோக்குக. முதற் தந்திக்கும் ஆறாந் தந்திக்கும் இடையுள்ள தூரம், ஏறக்குறைய 50 மில்லிமீற்றரா 52 மில்லிமீற்றரா எனக் குறித்துக்கொள்க. ஒலிக் கட்டுப்பாட்டின் மாறல்தடை ஒற்றைக்கு 250 கிலோ ஓமும் இரட்டைக்கு 500 கிலோ ஓமும் ஆதல் வழக்கம். இரண்டனுள் ஒன்றை மட்டும் மாற்றின், இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்து பார்த்தல் வேண்டும். ஓசை மெலியுமாயின் அவை தம்முள் முரணின; இணைப்பை மாற்றுக.

பழைய பிக்கப்பை எறிந்துவிடுதல் வேண்டா. காந்தம் நன்றாயிருப்பின் சுருளை மீளச் சுற்றுவித்தல் கூடும். விலையுயர்ந்த புதியதைத் தேடி மாணவர் கடன்படுதலினும், உள்ளதை ஆராய்ந்து உயிர்ப்பித்தல் அறிவுடைமையாகும்.