உங்களுக்குத் தெரியுமா? மூளைக்குப் போகும் எலிப்புழு

● விடாத தும்மல், ராத்திரி இருமல் என்று போனால், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு “ஈசினோபில் கூடியிருக்கு” என்பார் டாக்டர். அந்த வெள்ளணுவுக்கு 1879-இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிந்ததால் அந்தப் பெயர். ரத்தத்தில் இது சகஜம். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் இதற்கு வேலையே கிடையாது. அந்த நீரில் கன மில்லிமீட்டருக்குப் பத்தோ அதற்கு மேலோ தென்பட்டால், ஈசினோபில் மூளைச்சவ்வு அழற்சி என்பார்கள். உலக அளவில் இதற்கு முதல் காரணம், எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு.

● சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் 1935-இல் கண்டறிந்ததால் ‘ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கான்டோனென்சிஸ்’ என்று ஊர்ப்பெயரே புழுவோடு ஒட்டிக்கொண்டது. பெண் புழுவைப் பார்த்தால், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு நூலைச் சேர்த்துத் திரித்தது போலிருக்கும். சிவப்பு, ரத்தம் நிறைந்த குடல். வெள்ளை, கருக்குழாய்.

● இதன் குஞ்சுப்புழு எலியின் நுரையீரலிலிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியே வரும். அதை நத்தை தின்னும். நத்தையை எலி தின்னும். எலிக்குள் நுழைந்ததும் முதலில் மூளைக்குப் போய்க் கொஞ்சம் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு இறங்குவதுதான் வழக்கமான பயணம். மனிதர் விழுங்கினாலும் மூளை வரை அதே பாதைதான். ஆனால் நம் உடலில் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. புழு சாக, அதைச் சூழ்ந்து ஈசினோபில்கள் திரள, மண்டை பிளக்கும் வலி தொடங்குகிறது. சிலருக்குச் சட்டைத் துணி உரசினாலே தோல் எரியும்.

● “முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி” என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த நோயில், பரிசோதனைக்காகத் தண்டுவட நீரை எடுக்கும் அந்த ஊசியே தலைவலியையும் தணிக்கிறது. தயவுசெய்து மறுக்காதீர்கள்.

● வடகிழக்குத் தாய்லாந்தில் ‘கொய் ஹொய்’ என்று ஒரு பதார்த்தம். நன்னீர் நத்தையைப் பச்சையாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, காரம் சேர்த்துத் தின்பார்கள். புளிப்புக்கும் காரத்துக்கும் புழு சாகாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தால் செத்துப்போகும்.

● 2006-இல் பெய்ஜிங்கில் சரியாக வேகாத நத்தை சாப்பிட்டு 160 பேர் வரை நோயுற்றார்கள். 2000-இல் ஜமைக்காவுக்குச் சுற்றுலா போன 23 அமெரிக்கர்களில் 12 பேருக்கு இதே நோய். அவர்கள் நத்தையைத் தொடவே இல்லை; சந்தேகம் விழுந்தது ஒரு சாலட் மீது. பச்சைக் காய், கீரை சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு இலையையும் பிரித்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காம்பிடுக்கில் கடுகளவு ஓடில்லா நத்தை பிசினாக ஒட்டியிருக்கும்.

● தோட்டங்களை மொட்டையடிக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையும் இந்தப் புழுவைச் சுமக்கும். 1847-இல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டவர் வில்லியம் பென்சன். கையுறை போடாமல் அதைத் தொடாதீர்கள்.

● 1836-இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன், செத்த புலி ஒன்றின் இரைப்பையில், இதே நோயைத் தரும் வேறொரு புழுவைக் கண்டு ‘நேத்தோஸ்டோமா’ என்று பெயரிட்டார். விரால் மீனையோ தவளையையோ பச்சையாகத் தின்றால் அது மனிதருக்கும் வரும். நரம்பு வேரைத் துளைத்துப் போவதால் வலி மின்னல் வெட்டியது போலிருக்கும். மூளையில் ரத்தம் கசியவும் செய்யும்.

● வட அமெரிக்காவில் ரக்கூன் எச்சத்திலிருந்து வரும் ‘பேலிசாஸ்காரிஸ்’ புழு இவற்றினும் கொடியது. மண்ணில் விளையாடிவிட்டு விரல் சூப்பும் குழந்தைகள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

● மறுபடி எலிப்புழுவுக்கு வருவோம். உடும்பும் நத்தை தின்னும். பலம் வரும் என்று நம்பி உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்த மூளை நோய் வந்ததைக் கேரள, இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடும்பு வேட்டை இந்தியாவில் குற்றம் என்பதால் நோயாளி வாய் திறக்கத் தயங்குவார். அதனால் தண்டுவட நீரில் ஈசினோபிலைப் பார்த்த டாக்டர், கட்டிலருகே உட்கார்ந்து, தைரியம் சொல்லித்தான் கேட்க வேண்டும்: “போன மூணு வாரத்துல என்னய்யா சாப்பிட்டீங்க?”